இரண்டு எஸ்ரா மாடக்குகள்

எங்கள் ஆவண அறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, டாக்டர். பென்சில்தான். அந்த விதியைப் போட்டவனே நான். முப்பத்தொரு வருடமாக நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, பழைய மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டி, வருகிறவர்களுக்கு முன்னோரைத் தேடிக் கொடுத்து வருகிறேன். சம்பளம் கிடையாது. லூப் ஆற்றுப் பக்கம் யாருடைய பாட்டன் எந்த வருடம் வண்டி கட்டி வந்து நிலம் பிடித்தான் என்று கேட்டால், ஊர் என்னைத்தான் கைகாட்டும்.

அதனால்தான் என் மருமகள் கோரினின் தகப்பன் வழி வம்ச வரைபடம் வேண்டும், அதைப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது, என் மகன் லைல் உங்களிடம், "அதுக்கு எங்கப்பாவ விட்டா ஆளே கிடையாது" என்றான். பெருமையாகச் சொன்னான், பாவம்.

என் பையில் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று பொய். அதைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

கோரின் என்னிடம் வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். லைலுக்கு முப்பத்தாறு. அதுவரை ஒரு பெண்ணிடம் நின்று நாலு வார்த்தை பேசியவன் இல்லை. எனக்கு அவன் ஒரே பிள்ளை. 1879இலிருந்து எங்கள் பண்ணை நிலத்தில் செட்ஜ்லி குடும்பத்தார்தான் இருக்கிறோம். நூறு வருடம் ஒரே குடும்பம் வைத்திருந்ததற்காக மாவட்டச் சந்தையில் மேடையேற்றிக் கொடுத்த பலகை எங்கள் வாசலில் தொங்குகிறது. அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம், இவனோடு முடிந்தது என்று நினைப்பேன்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள்: "மிஸ்டர் செட்ஜ்லி, எங்கப்பாவ ஊரே குடிகாரன்னு சொல்லுச்சு. ஒரு சொட்டுத் தொட்டதில்லன்னு எங்கம்மா சத்தியம் பண்ணுவாங்க. ஆனா தள்ளாடித் தள்ளாடித்தான் நடப்பாரு. கடைசில தண்ணி இறைக்கிற காத்தாலைக் கோபுரத்துலேருந்து விழுந்து செத்தாரு. அது ரத்தத்துல வர்ற வியாதியா இருந்தா நான் பிள்ள பெத்துக்க மாட்டேன். லைல் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல. நீங்க பாத்துச் சொல்லுங்க, அதுக்கப்புறம் சொல்றேன்."

பார்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

மாடக் என்பது கோரினின் பிறந்த வீட்டுப் பெயர். 1880 கணக்கில், எட்டுப் பக்க இடைவெளியில் இரண்டு எஸ்ரா மாடக்குகள் இருந்தார்கள். ஒருவர் ஓஹாயோவில் பிறந்த தச்சர். மற்றவர் வெர்மான்டிலிருந்து வந்த விவசாயி, நாற்பத்திரண்டு வயது. விவசாயியின் பெயருக்கு நேரே, சித்தப்பிரமைக்கான கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. 1900இல் அவருடைய மகன் வீட்டில் இல்லை. கணக்கெடுக்க வந்தவனிடம் மனைவி தன்னை விதவை என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்துப் பெண்கள் அப்படிச் சொல்வது வழக்கம், அவமானத்துக்குப் பயந்து. மனநோயாளர் விடுதியின் பக்கத்தைப் புரட்டினால் அவன் அங்கே உயிரோடு இருக்கிறான், முப்பத்தெட்டு வயது, மணமானவன். 1920இல் அதே விடுதியில் பேரன். கோரினின் அப்பாவுக்கு அவன் தாத்தா.

நோயின் பெயர் எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வாரம் நூலகத்தில் தெரிந்துகொண்டேன். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. பாதி வராது என்றும் அதற்கு அர்த்தம் உண்டல்லவா?

முன்னோரைத் தேட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஒரே பெயரைக் கண்டு ஏமாறாதே, தகப்பன் பிறந்த ஊர்க் கட்டத்தைப் பார் என்பதுதான். எல்லோரும் செய்கிற தவறு அது. என்றாவது அகப்பட்டுக்கொண்டாலும், யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் விட்டுவிடும். கோரினைத் தச்சரின் கிளையில் ஒட்டினேன். நல்ல கனமான தாளில், என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "எண்பத்தெட்டு வயசுல ஏணியேறி சர்ச்சுக்கு ஓடு மாத்தியிருக்காரே, இந்த மனுஷனா எங்க முப்பாட்டன்?" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே லைலிடம் சரி என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் வருடம் வெஸ் பிறந்தான்.

அவளை நான் நேசிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மகள் இல்லாத குறையைத் தீர்த்தவள்.

அவளுடைய முப்பத்தேழு வயதில், நவம்பர் மாத நன்றி தெரிவிக்கும் பண்டிகை விருந்தன்று, குழம்புக் கிண்ணம் அவள் கையிலிருந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அவள் விரல்களைப் பார்த்தேன். அவை தானாக ஆடிக்கொண்டிருந்தன. மறு வருடம் பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சர்ச்சில் பெண்கள் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார்கள். லைல் பாத்திரத் தொட்டிக்கு அடியில் பாட்டில் தேடினான். அவள் என்னிடம் வந்து, "அப்பா, நீங்களாவது நம்புங்க. நான் குடிக்கல" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். அவளிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

உங்களுக்கு முன்னால் இருந்த டாக்டரும் வரைபடம் கேட்டார். அதே தாளைக் கொடுத்தேன். குடும்பத்தில் யாருக்கும் இந்த வியாதி இல்லை, நரம்புத் தளர்ச்சி என்று எழுதிவிட்டார். ஒன்பது வருடம் போயிற்று. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் அவளுக்குக் கூழ் ஊட்டுகிறேன். பாதி வெளியே வந்துவிடும். விழுங்க முடியாமல் அவள் என்னைப் பார்க்கும்போது துண்டால் அவள் வாயைத் துடைத்துவிடுகிறேன். கட்டிலுக்கு மேலே அந்தத் தச்சரின் வரைபடத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள்.

போன வருடம் வெஸ் ஆவண அறைக்கு வந்தான். கல்யாணம் ஆகி மூன்று மாதம். "தாத்தா, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? குழந்த பெத்துக்கலாமான்னு இவ கேக்குறா" என்றான். அவன் அம்மா உட்கார்ந்த அதே நாற்காலி. நான் எழுந்து போய், தச்சரின் பக்கத்தை எடுத்துக் காட்டினேன்.

இதோ, சரியான வரைபடம். ஆறு தலைமுறை, ஆதாரத்தோடு. ஒரு தவறு இருக்காது. கோரினுக்கு ரத்தம் எடுங்கள், அவளுக்கு வேண்டியதைச் செய்யுங்கள். இனி நான் அவளுக்குக் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வெஸ்ஸின் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். பையன் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது தெரிந்தால் சின்னஞ்சிறுசுகள் பயந்துபோய் ஏதாவது செய்துவிடுவார்கள். மார்ச்சில் குழந்தை பிறக்கும் வரைக்கும் இந்தத் தாள் உங்கள் மேசைக்குள் இருக்கட்டும், டாக்டர். கோரினால் பேச முடிந்தால், அவளும் இதைத்தான் சொல்வாள்.