பவுல்சாமி வீட்டுப் பம்பளிமாஸ்

பம்பளிமாஸைப் பறித்த அன்றே அறுக்கக் கூடாது, சாமி. தோல் கொஞ்சம் சுருங்கும்வரை ஒரு மூலையில் உருட்டி வைத்திருந்தால்தான் சுளை இனிக்கும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற பழமில்லை. சாந்தோம் பையன்களுக்குக் கையைப் பிடித்து ஓவியம் கற்றுக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். எனக்கு என்ன அவசரம்?

பங்குக்குப் புதிதாக வந்த நீங்கள், கோயில் தோட்டத்தில் நட என் மரத்திலிருந்து ஒரு பதியன் கேட்கிறீர்கள். சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பவுல்சாமியின் மரம் ஏன் பட்டுப்போனது என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். உட்காருங்கள். இது பாவசங்கீர்த்தனம் அல்ல, வெறும் தோட்டப் பேச்சு.

பவுல்சாமியின் மனைவி காலமாகிப் பல வருஷம். ஒரே மகன் காஸ்பர். அவன் நட்டு வளர்த்த மரம் அது. அறுத்தால் ரோஜா நிறச் சுளை. பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆத்தும சாந்திக்குப் பூசை வைக்கச் சொல்லி ஊரே சொல்லிப் பார்த்தது. பவுல்சாமி மசியவில்லை.

“மரம் பச்சையா கீது சார். அது பச்சையா கீற வரைக்கும் எம்புள்ள உசுரோட கீறான். பூசை இன்னாத்துக்கு?” என்பான். புதுத் துளிர் விட்டால் மதிலுக்கு மேல் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

பதியன் கட்ட ஒரு கிளை கேட்டேன். ஏணியை அவனே பிடித்துக்கொண்டான். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பென்சில் பருமனுள்ள கிளை போதும். பட்டையைச் சுற்றி இரண்டு வெட்டுப் போட்டு, நடுவில் உள்ளதை மோதிரம் கழற்றுவதுபோல் உரித்தெடுக்க வேண்டும். உரித்த இடத்தில் வழுவழுப்பு மிச்சமிருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும், சுரண்டி விடுங்கள். மேல் வெட்டின் ஓரத்தில் வேர்மருந்து. விவசாய இலாகா தனபாலன் ஒரு சிமிழில் கொடுத்த சீமைப் பொடி அது. ஆசைப்பட்டு அள்ளிப் பூசினால் கருகிவிடும். அதன்மேல் தேங்காய் நாரும் செம்மண்ணும் இலைமக்கும் பிசைந்து உருண்டையாக அப்பி, சாக்குத்துணி சுற்றிக் கட்டி, எப்போதும் ஈரமாக வைத்தால் மழைக்காலத்தில் சாக்கைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அப்போது வெட்டி நட வேண்டியதுதான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. தண்ணீர் கட்டை வழியாக மேலே ஏறும், இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகக் கீழே இறங்கும். பட்டையை மட்டும் உரித்தால் இலை வாடாது. தனக்கு என்ன நடந்தது என்று கிளைக்கே தெரியாது.

என் கன்று ஜோராக வளர்ந்து காய்த்தது. மாதா திருநாளன்று அறுத்துக் கொடுத்தேன். தின்றவர்களெல்லாம், “அடடே, பவுல்சாமி வீட்டுப் பழம்!” என்றார்கள். வருஷமெல்லாம் தண்ணீர் ஊற்றியவன் நான். ஆயுசு முழுக்க மற்றவர்கள் வரைந்த படத்தைப் பார்த்து வரைந்தே பிழைத்தவனுக்கு, கடைசியில் மரம்கூட நகல்தானா? எனக்கு வயிறு எரிந்தது, சாமி. அதை மறைக்கவில்லை.

பவுல்சாமி முதல் பூசைக்குப் போவான், நான் இரண்டாம் பூசைக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலைத் தாண்டி, அவன் மரத்தின் அடித்தண்டில் மண்ணை விலக்கி அதே மோதிரத்தை உரித்தேன். வழுவழுப்பைச் சுரண்டினேன். மருந்தில்லை, நாரில்லை. மண்ணை மறுபடி மூடிவிட்டு, கை கழுவிக்கொண்டு பூசைக்குப் போனேன். பிரசங்கம் அன்று நன்றாக இருந்தது.

அப்படி உரித்தால் சாப்பாடு வேருக்கு இறங்காமல் மேலேயே தங்கிவிடும். அந்தப் பருவம் மரம் கொள்ளை கொள்ளையாகக் காய்த்தது. “புள்ள வர்றான் சார், அதான் இப்டிக் காய்க்குது!” என்று தெருவெல்லாம் பழம் கொடுத்தான் பவுல்சாமி. அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அதில் என் பங்கும் உண்டல்லவா?

பிறகு வேர் பட்டினி கிடந்தது. இலை மஞ்சளாகி உதிர்ந்தது. குடம் குடமாக ஊற்றிப் பார்த்தான். ஒரு நாள் காய்ந்த குச்சியோடு என் வாசலில் வந்து நின்றான்.

“சார், உங்க வூட்ல கீறது அதே மரந்தானே? அது பச்சையா கீதுல்ல?”

‘ஆமாம்’ என்றால் போதும். பதியன் என்பது தாயேதான், தோட்டம் தெரிந்த எவனும் சொல்வான். ஆனால் ஆமாம் என்றால் என் பழம் மறுபடி பவுல்சாமி வீட்டுப் பழமாகிவிடும்.

“இல்லப்பா. அது வேற மரம்” என்றேன்.

அந்த வாரமே காஸ்பருக்கு ஆத்துமப் பூசை வைத்தான். பக்கத்தில் முழங்காலிட்டு நானும் வேண்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மழை தொடங்குமுன் அவனையும் அடக்கம் செய்தோம்.

யுத்தம் முடிந்து, ஜப்பான்காரன் முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக காஸ்பர் வந்து சேர்ந்தான். நேரே என் மரத்தடிக்குத்தான் வந்தான். அடித்தண்டைத் தடவிக்கொண்டே, “சார், இது எங்க மரந்தானே?” என்று கேட்டான்.

“ஆமாம்ப்பா, அதே மரந்தான். உங்க அப்பாவே ஏணி பிடிச்சு எனக்குக் கொடுத்தது” என்றேன். பையன் என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தையால் ஒரு மனிதன் மனம் ஆறுமென்றால், அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் ஒருபோதும் முடியாது, சாமி.