முதல் வரிசை

– தாண்டவராயண்ணா, ஓடி வாங்க! மெஷின் கத்துது!

– தோ வந்துட்டேன் டாக்டரம்மா. இன்னா, கரண்டு போச்சா?

– கரண்ட் இருக்கு. திரையைப் பாருங்க. முதல் வரிசை அப்படியே அணைஞ்சிருக்கு.

– நேத்து மின்மினி மாதிரி பச்சையா இருந்துச்சே!

– ஈஸ்ட் செல் உள்ளுக்குள்ள நல்லா இருந்தா பச்சையா ஒளிரும். தண்ணில விஷம் இருந்தா மங்கிடும். அதுக்குன்னே வளர்க்கறதுதானே.

– அப்போ எந்தூருத் தண்ணியோ கெட்டுப்போச்சு.

– இல்லண்ணா. ஜமுனாமரத்தூர் பக்கம் ஊர் ஊரா எடுத்த தண்ணி எல்லாம் பச்சையாதான் இருக்கு. முதல் வரிசை நம்ம கேன் தண்ணி. ஒப்பிட்டுப் பார்க்க வெச்ச சுத்தத் தண்ணி. ஐயோ, இந்த மேளம் வேற!

– சாமிக்குப் படைக்கற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. மேளம் நின்னாதான் ஊருக்குக் கூழு ஊத்துவாங்க. எம் பொண்டாட்டி கெங்கம்மாதான் இன்னிக்குக் காய்ச்சுது. விடியறதுக்குள்ள போனவ, புருசன் துன்னானான்னு கூடக் கேக்கல.

– கேனை யாராவது தொட்டாங்களா?

– கோச்சுக்காதீங்கம்மா. காய்ச்சி வடிச்ச தண்ணில சத்து ஒண்ணுமே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? பாவம், அந்த ஈஸ்ட்டும் உசுருள்ளதுதானே. நேத்து கேன் தண்ணியக் கொட்டிட்டு நம்ம சுனைத் தண்ணிய ரொப்பி வெச்சேன்.

– எந்தச் சுனை?

– கோயில் சுனைதான். கல்கண்டு கணக்கா இனிக்கும்.

– சுனைக்கு மேல யாராவது பூச்சி மருந்து அடிச்சாங்களா?

– மேட்டு நெலத்து தேவராஜ் அடிச்சான். முந்தாநேத்து மருந்து டேங்கைக் கழுவிக் கவுத்தான். சுனை மேட்டுலதான். சாயங்காலம் மழை வேற...

– கூழுக்கு எந்தத் தண்ணி?

– சுனைத் தண்ணிதான். சாமிக் கூழுல வேற தண்ணி சேர்க்கறதில்ல.

– கெங்கம்மாவுக்கு போன் போடுங்க!

– அவ போனு தோ தொங்குது. நீங்கதான இங்க சார்ஜு போட்டுக்கச் சொன்னீங்க.

– வண்டியை எடுங்க! மேளம் அடிக்கற வரைக்கும் யாரும் வாயில வைக்க மாட்டாங்க இல்ல?

– வைக்க மாட்டாங்க. டாக்டரம்மா, அந்த மெஷின் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க.

– நிறுத்திட்டேன். என்னண்ணா?

– மேளம் கேக்கலம்மா.