ஊசி போட்டதும் தூங்கியவர்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாள் முதுகுவலிக்கே உயில் எழுதும் யோசனையோடு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த என் காதில் அந்த அம்மாள் கேட்டது விழுந்தது.

"ஊசி போட்டதும் வலிக்கிற வேலையா பாத்து செய்யின்னாரு டாக்டரு. நீ இன்னாய்யா பண்ண?"

"ஊசி போட்டா படுக்கணும்னுதான எல்லாரும் சொல்றாங்க. படுத்தேன், தூங்கிட்டேன்."

"அது வைத்தியம் இல்லய்யா, பரிட்சை. முதுகெலும்பு மூட்டுல மரத்துப்போற மருந்து போட்டாங்க. குனிஞ்சி நிமிந்து பாத்து வலி இல்லன்னா அந்த மூட்டுலதான் கோளாறு, அப்புறம் அங்க ஓடுற நரம்புக்கு சூடு வச்சி வலிய நிறுத்தலாம்னு படிச்சிப் படிச்சி சொன்னாரே."

"தூங்கும்போது வலிக்கலியே. அத எழுதிக்க."

"தூங்கும்போது உனக்கு என்னிக்கு வலிச்சிது?"

மணிக்கு மணி வலியைக் குறிக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த தாள் புருஷன் மடியில் வெறுமையாக இருந்தது.

"வலி போயிடுச்சின்னே எழுதிடு. இன்னிக்கே சூடு வச்சி அனுப்பிடுவாங்க."

"கோளாறு வேற மூட்டுல இருந்தா? தப்பான எடத்துல சூடு வாங்கினு வந்து மறுபடி என் உயிரத்தான் எடுப்ப."

அந்த அம்மாள் தாளை வாங்கிப் பேனாவை எடுத்து எழுதினார்.

"தூங்கிட்டாருன்னு எழுதிட்டேன். இன்னொரு தபா ஊசி போடட்டும். இந்த தபா மாட்டுக்கொட்டாய நீ பெருக்கு, சாணிய நீ அள்ளு. நான் பக்கத்துல குந்தினு எழுதறேன்."

புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கு வலியே தேவலாம்."