பின்மூடி

இந்தக் கேமராவின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே படம் எதுவும் தெரியாது, இன்ஸ்பெக்டர் சார். கறுப்புத் தாள்தான் தெரியும். தாளுக்குள் இருப்பது வெளிச்சம் பட்டதும் செத்துவிடும். கொக்கியிலிருந்து விரலை எடுத்துவிட்டால் நிதானமாகச் சொல்வேன்.

இதற்கான ஃபிலிமை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. வேறு உருளையில் வருவதை வாங்கி, கதவிடுக்கில் துணி அடைத்து, கும்மிருட்டில் விரலால் தடவி, பழைய உருளைக்கு நானே மாற்றிச் சுற்றுகிறேன். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். பழைய விமானங்களை மட்டுமே எடுப்பேன். பொழுதுபோக்கு என்பாள் என் மனைவி. இருக்கட்டும்.

இறந்தவன் அவளுடைய ஒரே தம்பி. விமானக் கொட்டகையில் மெக்கானிக். கெட்டவன் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

போன வருஷம், இரண்டடுக்கு இறக்கை வைத்த கிழட்டு விமானம் ஒன்றைப் பழைய இரும்புக்கு உடைக்க வெளியே தள்ளினார்கள். அது வெயிலில் நின்றது அந்த ஒரு காலைதான். சுருள் முழுவதையும் அதற்கே செலவழித்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் அவன் இந்த மூடியைத் திறந்து, சுருளை முழம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

“என்னத்தான், வெறும் தாளா வருது? இவ்ளோ நாளா காத்தையா படம் புடிச்சீங்க?”

பைலட்டுகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“விடுங்கத்தான், நான் போன்ல எடுத்திருக்கேன். அனுப்புறேன்.”

அனுப்பினான். என் மனைவி அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அதன் கீழே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிட்டேன்.

நேற்றுக் காலை மஞ்சள் விமானத்தின் இன்ஜினை ஓட்டிப் பார்த்து நிறுத்தினான். புரொப்பெல்லர் படுக்கைவாட்டில் நின்றுவிட்டது. படத்துக்கு அது செங்குத்தாக இருக்க வேண்டும். “கொஞ்சம் திருப்பி விடு மாப்ளே” என்றேன்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புரொப்பெல்லரைத் தொடுமுன் சுவிட்சைப் பற்றிக் கேட்பார்கள். விமானி இருக்கைப் பக்கம் நிற்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சுவிட்ச் போட்டிருந்தால், சூடான இன்ஜின் கையால் அசைத்தாலே உயிர் பெற்றுவிடும்.

“சுவிட்ச் ஆஃபா, அத்தான்? உங்க டப்பா மாதிரி ஏமாத்திடாதீங்க.”

இருக்கைப் பக்கம் நின்றது நான்தான். கையை உள்ளே விட்டுச் சுவிட்சைப் போட்டேன். “ஆஃப்” என்றேன்.

அவன் வந்து பார்க்கவில்லை. அத்தான் சொன்னால் போதும் அவனுக்கு. நான் விலகி முன்பக்கம் வந்து, கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தி, அவன் கைவைக்கும்வரை காத்திருந்தேன். அவன் இழுத்தான். நான் அழுத்தினேன்.

நீங்கள் விபத்து என்றே எழுதி முடித்திருந்தீர்கள். வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கும் என் மனைவியும் அப்படித்தான் நம்புகிறாள். சற்றுமுன் எனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். நீங்கள்தான், உள்ளே படம் இருக்கிறதா பார்ப்போம் என்று கொக்கியில் விரலை வைத்தீர்கள்.

விபத்து என்றால் இது வெறும் டப்பா. கொலை என்றால் சாட்சியம். சாட்சியத்தை இப்படி ஜன்னலோரத்தில் திறக்க மாட்டீர்கள். விஷயம் தெரிந்தவர்களிடம் அனுப்பி இருட்டறையில் கழுவுவீர்கள். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: கொலைதான். நான்தான்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். கோபம் இருந்திருந்தால் கை ஆடியிருக்கும். படத்தைக் கழுவிப் பாருங்கள், ஆடியிருக்காது.