கிரிஸ்டல் பெட்டியில் நான் வைத்த காயில்

என் முழுப் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் என் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கம்பி என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டது. பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் என் பட்டறையும் நானும் என் மனைவியும், மாடியில் என் தங்கையும் அவள் கணவரும் குடியிருக்கிறோம். பேர்தான் கம்பி, கம்பி நீட்டுகிற ஆள் இல்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் தங்கை கணவர் அரசு உத்தியோகஸ்தர். கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சரிபார்த்து முத்திரை வைப்பவர். உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரரும்கூட. மாடி அறையில் இருக்கும் அவருடைய செட், மிகத் தாழ்வான அலைவரிசையில், வினாடிக்கு ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் துடிப்பில் சமிக்ஞை அனுப்பும். அந்தத் துடிப்பை நேராக உண்டாக்கினால் ஆட்டம் காணும் என்பதால், வினாடிக்கு ஒரு கோடியே முப்பத்தேழு லட்சம் தடவை துடிக்கும் ஒரு கிரிஸ்டலை வைத்து, அதை நூறால் வகுத்து எடுக்கிறார். அங்கே நூறு தப்பினால் இங்கே ஒன்றுதான் தப்பும். இதை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருக்கிறார், எனக்கு ஒரு தடவைதான் புரிந்தது, ஆகவே வகுத்தல் சரியாகவே இருக்கிறது. சூடு மாறினால் கிரிஸ்டலின் துடிப்பும் மாறும் என்பதால், உள்ளே தெர்மாகோல் ஒட்டிய மரப்பெட்டியில் அதை அறுபது டிகிரியில் இரவு பகலாக வைத்திருக்கிறார். மூடியின்மேல் "தொடாதே" என்று எழுதியிருக்கிறது. அதைப் படிக்க ஐந்தாம் வகுப்பு போதும், ஆகையால் அந்த வழியில் நான் தப்பிக்க முடியாது.

சென்ற புதன்கிழமை அவர் விடுப்பில் வீட்டில் இருந்தார். வெகு தூரத்தில் இருக்கும் அவருடைய நண்பர், ஓய்வு பெற்ற கப்பல் ரேடியோக்காரர், அன்று முழுவதும் இவருடைய சமிக்ஞையைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் கோடாகப் பதிவு செய்வதாக ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு செட்டைப் போட்டார். ஒரு புள்ளி அனுப்பவே ஒரு நிமிடம் ஆகும். "மாப்ளே, இந்த வேகத்துல நீங்க நலமான்னு கேட்டா, பதில் வர்றதுக்குள்ள அவரு பேரன் எடுத்துருவாரு" என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வழக்கமாகவே சிரிக்க மாட்டார்.

அன்று பல் டாக்டரின் சிறு மோட்டார் ஒன்று என்னிடம் வேலைக்கு வந்திருந்தது. நோயாளி ஒருவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பதாக அங்கிருந்து இரண்டு முறை போன் வந்தது. அதன் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, சுற்றி வார்னிஷில் நனைத்து எடுத்தபோது, அதை உலர்த்தும் என் பல்புப் பெட்டியில் பல்பு போய்விட்டிருந்தது. அதன் பிறகு மாடியில் ஒரு பெட்டி சும்மா சூடாக இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு மணி சுமாருக்கு அவர் சாப்பிட உட்கார்ந்ததும் நான் மாடி அறைக்குப் போய், பெட்டியின் மூடியைத் திறந்து, காயிலை கிரிஸ்டல் டப்பாவின் பக்கத்தில் வைத்து, மூடி சரியாகப் பொருந்தாததால் ஒரு விரற்கடை இடைவெளியோடு விட்டு வந்தேன். இருபது நிமிடம் கழித்து எடுக்கப் போனபோது, வார்னிஷ் பட்டு தெர்மாகோல் கரைந்து, காயில் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் கொஞ்சம் பஞ்சை அடைத்து மூடிவிட்டு, காயிலை எடுத்துக்கொண்டு இறங்கி, மோட்டாரை மாட்டி டாக்டரிடம் கொடுத்தேன். நோயாளி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அன்று ஒன்று இருபதுக்கு ஊரின் கிழக்குத் தெருக்களில் மின்சாரம் நின்றது. எங்கள் தெருவில் நிற்கவில்லை. மறுநாள் துணைமின் நிலையப் பொறியாளர் கொடுத்த புகாரில், மின்கம்பி வழியாக அவர்கள் அனுப்பும் சமிக்ஞையை என் தங்கை கணவரின் செட் குலைத்ததால்தான் மின்சாரம் தடைப்பட்டது என்று இருந்ததாக வீட்டுக்கு வந்த காவலர்கள் சொன்னார்கள். நண்பர் அனுப்பியிருந்த பதிவை என் தங்கை கணவர் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்தார். காலையிலிருந்து நூல் பிடித்தது போல நேராக வந்த கோடு, ஒன்று ஐந்துக்குச் சரிந்து, இரண்டு மணிக்குத்தான் பழைய இடத்துக்கு வந்திருந்தது. கூட வந்திருந்த பொறியாளர் அந்தச் சரிவில் விரலை வைத்து, நேரம் பொருந்துகிறதே என்றார். அதன் பிறகு செட்டையும் பெட்டியையும் காவலர்கள் எடுத்துப் போனார்கள். போகும் முன் ஒரு காவலர் என்னைப் பார்த்து, "பெட்டிய யாராச்சும் தொட்டீங்களா?" என்று கேட்டார். தங்கை பக்கத்தில் நின்றாள். நான் இல்லை என்றேன். அது பொய்.

நேற்று திங்கட்கிழமை காலை மாடிக்குப் போனபோது, என் தங்கை கணவர் உரிமத்தை ஒப்படைப்பதாகவும், தவறு தன் செட்டில் இருக்கலாம் என்றும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தங்கை அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக இருந்தது. இந்தக் கடிதம் போனால் உத்தியோகமும் போகும் என்று அவள் சொன்னாள். நண்பரின் பதிவுத் தாளில் மேலிருந்து கீழ்வரை மொத்தமே ஐந்து துடிப்பு என்றும், துணைமின் நிலையத்தின் சமிக்ஞை ஐயாயிரம் துடிப்பு தள்ளி இருக்கிறது என்றும் அவரே எனக்கு முன்பு சொல்லியிருந்தார். அதைச் சொல்லி, பிறகு ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "கோடு ஏன் சரிஞ்சுதுன்னே எனக்குத் தெரியல மச்சான். காரணம் தெரியாதப்போ, இந்தத் தாளுக்கு வெளியே ஒண்ணும் போகலன்னு நான் எப்படி கையெழுத்துப் போடுவேன்?" என்றார். ஊர்த் தராசையெல்லாம் சரிபார்க்கிறவர் அப்படித்தான் பேசுவார்.

அதன் பிறகு நான் தரையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். தங்கை என்னைத் திட்டிய சொற்களை இங்கே எழுத வேண்டியதில்லை என்று இதை எழுதிக்கொள்ளும் காவல் அதிகாரி ஐயா சொல்லிவிட்டார். என் தங்கை கணவர் பேனாவை மூடினார். பிறகு, "எவ்வளவு நேரம் திறந்திருந்துது?" என்று மட்டும் கேட்டார்.

நேற்றே நானும் அவரும் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தோம். ஐயா முன்னிலையில் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தபோது வட்டப் பள்ளம் இருந்தது. நான் கொண்டு வந்த அதே அளவுக் காயில் அதில் மோதிரம் போலப் பொருந்தியது. பெட்டியை இங்கேயே மின்சாரத்தில் போட்டு ஒரு நாள் சூடேற்றி, இன்று மதியம் ரேடியோ இலாகா அதிகாரி வந்து, ஆன்டெனா மாட்டாமல், துடிப்பை எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தார். நான் அன்று போலவே மூடியைத் திறந்து காயிலை வைத்தேன். எண் மெதுவாக இறங்கி, ஒன்றேகால் துடிப்பு குறைந்து நின்றது. எடுத்து மூடிய பிறகு பழையபடி ஏறியது. பதிவில் இருந்த சரிவும் அதே ஒன்றேகால்தான் என்று அதிகாரி அளந்து எழுதிக்கொண்டார். மின்சாரம் எதனால் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒன்றேகால் துடிப்பால் நிற்கவில்லை.

என் தங்கை கணவர் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வழக்கு முடிந்துவிடும் போல என்று நான் சொன்னதற்கு, "பதினோரு வருஷத்துல கால் துடிப்புகூட தப்பினதில்ல" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதுவரை என்னோடு பேசவில்லை. பெட்டியைத் திருப்பித் தரும் வரையில் பிளக்கைப் பிடுங்காமல் வைக்கும்படி ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆறினால் மறுபடி நிலைக்கு வர நாளாகும், அதுவும் என் தலையில்தான் விடியும்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. முதலில் சொன்ன பொய்யைத் தவிர இதில் பொய் எதுவும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை.

நேரம்: நிலையக் கடிகாரப்படி மாலை நான்கு பத்து. அது நான்கு நிமிடம் பின்னால் போவதாக வெளியே பெஞ்சில் இருக்கும் என் தங்கை கணவர் சொல்வதால், நான்கு பதினான்கு.

(ஒப்பம்)
கம்பி