நாக்கில் வைக்கும் சில்வண்டு

பகல் இரண்டு மணி. ஆகஸ்ட் வெயில். இந்த இத்தாலி ஊரின் கபோ சந்தையில் கடைகளெல்லாம் சாத்தி, மீன் நாற்றம் மட்டும் மிச்சம்... பேய் இரவில்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? கிளாரா, பயமென்றால் கிட்ட வந்து இரு. ஆளில்லாத அந்தத் தெருவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் விமலராணி, நம்முடைய ஜோக்கிமின் மச்சாள். கைப்பைக்குள் ஒரு பச்சைக் கல்.

பிள்ளை விதுரனுக்கு ஐந்து வயது. இன்னும் ஒரு சொல் வாயில் வரவில்லை. டாக்டர்மார் கைவிரித்துவிட்டார்கள். மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். பொன்னைத் தேனில் உரைத்து நாக்கில் தடவியும் பார்த்தாள். ஒருமுறை 'அம்மா' என்று கேட்டால் போதும், அதோடு செத்தாலும் சரி என்று அழுவாளாம்.

அவள் வேலை செய்த வீட்டு எஜமானி, கிழட்டுச் சிஞ்ஞோராவிடம் ஒரு கண்ணாடி அலுமாரி. செத்துப்போன புருஷன் சேர்த்த பழங்காலச் சீனத்துப் பச்சைக்கல் நகைகள் அதில் இருந்தன. வளையம், மீன், பிறகு பெருவிரல் அளவில் ஒரு சில்வண்டு. இறகின் கோடுகூடச் செதுக்கியிருந்தது. தூசி துடைக்கும்போது சிஞ்ஞோரா, "அது நாக்கில் வைப்பது" என்றாள். அவ்வளவுதான், கண்ணயர்ந்துவிட்டாள்.

விமலராணிக்குப் பொறி தட்டியது. பொன்னைப் போல இதுவும் பேச வைக்கிற கல்லாக்கும்... சொல்லாமல் எடுத்துவந்து, தேனில் உரைத்து, பிள்ளையின் நாக்கில் தடவினாள்.

ஈரமண் மணந்தது. வெளியே சில்வண்டுகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. விதுரன் பேசினான்... கிழவன் குரலில். தமிழும் இல்லை, இத்தாலியனும் இல்லை. ஒரே வசனம், திரும்பத் திரும்ப.

அதுதான் அவள் ஓடியது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பைக்கடை வைத்திருந்த சீனக்காரி, பிள்ளை பேசுவதைக் கேட்டாள்; கல்லைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். "பழைய பேச்சு. என் வாயை ஏன் திறந்தீர்கள் என்று கேட்கிறது. இது பிணத்தின் நாக்கில் வைத்துப் புதைக்கிற கல். எடுத்த இடத்தில் வை."

அப்போதுதான் அந்தக் குரல் ஓய்ந்து, சின்னக் குரலில் ஒரு சொல் வந்தது. "அம்மா."

பிறகு எப்படிக் கொடுப்பாள்? நாள்தோறும் கல்லை உரைத்து நாக்கில் தடவினாள்.

"மச்சாள், திருப்பிக் குடுத்துப்போடுங்கோ. பிள்ளை எலும்பாப் போறான்" என்று ஜோக்கிம் கெஞ்சினான்.

"ஏலாது ஜோக்கிம். கடைசியில ஒருக்கா அம்மா எண்டுறான். எனக்கு அது காணும்."

போன கிழமை ஜோக்கிம் கண்ணால் கண்டது இது. கல்லைக் கையில் வைத்தபடி தேன் தடவினாள். கிழவன் பேசி ஓய்ந்தான். பிறகு, "அம்மா."

விதுரனின் வாய் இறுக மூடியிருந்தது. குரல் வந்தது அவள் உள்ளங்கையிலிருந்து.

அவளும் அதைக் கண்டாள். கண்டும், கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "ஓம் ராசா... அம்மா இஞ்சைதான் இருக்கிறன்."