கரையில் இருந்த ஒரே ஆள்

எங்கள் வீட்டில் இன்டர்நெட் நின்றதே இல்லை, சார். மழைக்கு வடசேரி முழுக்க இருண்டு கிடந்தாலும் நிற்காது. இரண்டு கம்பெனி இணைப்பு, போதாததற்கு பேட்டரி. என் மனைவி அஸ்வதி கடலுக்குப் போகும் முன்பே எல்லாம் செய்துவைத்தேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குத் தனியாகத் துடுப்புப் போட்டுப் போகவேண்டும் என்பது அவளுடைய பைத்தியம். நான் தடுக்கவில்லை. அந்தக் காலத்தில் இப்படிக் கிளம்பியவர்கள் கரையேறினால்தான் உயிரோடு இருப்பதே தெரியும். இப்போது சாட்டிலைட் கருவி இருக்கிறது. அவள் படகில் எழுதுவது என் மேசைக்கு வந்துவிடும். ஆளாளுக்கு எழுதிக் குழப்பவேண்டாம், எல்லாம் என் வழியாகவே போகட்டும் என்றேன். அம்மாவுக்கு மட்டும் நேராக அவர்கள் போனுக்கே எழுதுவேன் என்றாள். பக்கத்துத் தெருவுக்குப் போனால்கூட என்னிடம் சொல்லாதவள், கடலில் இறங்கியபின் தினமும் எனக்கு எழுதினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாதி வழியில் அவள் அம்மா வடிவாம்பாள் இறந்துபோனார்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் வீட்டுச் சாவை மறைத்துவைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தானே. தனியாகக் கிடந்து அழுது என்ன ஆகப்போகிறது? அவள் அண்ணன் தாணுமாலயனே, "இப்பம் சொல்லாண்டாம் மாப்பிள, பிள்ள தாங்காது" என்றார். அதனால் அம்மாவின் போனை நானே வாங்கிவைத்துக்கொண்டு, அதில் வந்த செய்திகளுக்கு அம்மாவாகப் பதில் எழுதினேன். அது எனக்குச் சுலபமாகவே வந்தது.

அம்மாவிடம் அவள் வேறு மாதிரி எழுதினாள். படகின் அறை ரயிலின் கீழ் பெர்த் அளவுதான். அலை மோசமானால் கதவை அடைத்து, பெல்ட்டால் உடம்பைக் கட்டிக்கொண்டு, விடியுமா என்று படுத்திருக்கவேண்டும். "இதுக்குள்ள கெடக்கதுகூட பரவால்லம்மா. அந்த வீட்டுலதான் எனக்கு மூச்சு முட்டிச்சு. கரையேறினா நான் அவியகிட்ட வரமாட்டேன்" என்று ஒருநாள் எழுதியிருந்தாள். "கோவப்படாத மக்கா, வந்து பேசிக்கிடலாம்" என்று பதில் போட்டேன். எனக்கு வருத்தம்தான். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம், வானிலை பார்த்துச் சொல்பவரிடமிருந்து மெயில் வந்தது. புயல் அவள் பாதைக்குத் திரும்புகிறது, அருகில் ஒரு சரக்குக் கப்பல் போகிறது, இன்றே அதை உதவிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று. இரண்டு முறை படித்தேன். பிறகு அவளுக்கு, சாதாரணக் காற்றுதான், பயப்படாமல் போ என்று எழுதினேன். கப்பலில் ஏறினால் அப்படியே எங்காவது போய்விடுவாள். படகில் இருக்கும்வரை எனக்கு எழுதுவாள். அவ்வளவுதான் நினைத்தேன்.

அவள் உடனே அம்மாவுக்கு எழுதினாள். "காத்து ஒரு மாதிரி இருக்கும்மா. ஒண்ணுமில்லன்னு அவிய சொல்லுகாவ. தூரத்துல ஒரு கப்பல் தெரியுது. கூப்பிடட்டா?"

"வேண்டாம் மக்கா. மாப்பிள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுதினேன்.

மறுநாள் அபாயப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். அதற்குள் கப்பல் வெகுதூரம் போயிருந்தது. பிறகு கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தார்கள். அறைக் கதவு உள்ளே அடைத்தபடியே இருந்ததாம், அவளும் பெல்ட்டோடு இருந்தாளாம்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், சார், நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை. அம்மா சொன்னதைத்தான் நம்பினாள்.